றஞ்சிதம் மச்சாள் இருந்த பக்கம்

சபைக் கூட்டம் உள்ள நாளில் றஞ்சிதம் மச்சாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். கூட்டத்தின் நடுவில் எழும்பிப் போக வேண்டி வந்துவிடுமோ என்ற பயம். அத்தனை ஆண்கள் பார்த்திருக்கக் கதிரையைத் தள்ளி எழும்பி வாசல்வரை நடப்பதை நினைத்தாலே அவருக்கு வியர்க்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் அதே மண்டபத்தில் எழும்பி, தான் இருந்த கதிரையையும் இழுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் வாங்கில் இருந்து பார்த்தேன்.

மச்சாள் என் அண்ணன் வலன்ரைனின் மனைவி. பிறந்தது ஓலைத்தொடுவாயில், கலியாணம் கட்டி எங்கள் சங்குமுனைக்கு வந்தவர். அண்ணன் கடலுக்குப் போவார், மச்சாள் கருவாடு போடுவார். நானும் அதே வளவில் இருப்பதால் மீன் வெட்டுவதும் உப்புப் போடுவதும் காகம் துரத்துவதும் எங்கள் இருவருக்கும் பொது. மேகம் இருட்டினால் அயலில் உள்ளவர்கள் வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். மச்சாள் காய்ந்தது, காயாதது எல்லாவற்றையும் அள்ளி உள்ளே கொண்டுபோய்விடுவார். பாதி நாள் மழை வராது. அயல் சிரிக்கும். அடுத்த முறையும் அள்ளுவார்.

அவர் சபைக்குப் போனது தன் விருப்பத்தில் அல்ல. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் காற்பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. கட்சிக்காரர் மோட்டார் சைக்கிளில் பெண் தேடித் திரிந்தார்கள். ஒருவரோடும் சண்டை இல்லாத பெண் வேண்டுமாம். மச்சாள் ஏலாது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். பெயர்தானே, கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அண்ணன்தான் கேட்டார். வாக்கு எண்ணி முடிந்தபின் பெண்கள் போதாது என்று தெரிந்தது. பட்டியலில் மச்சாளுக்கு மேலே பெயர் இருந்தவர்கள் அதற்குள் மனம் மாறியிருந்தார்கள். இப்படித்தான் அவர் சங்குமுனைப் பிரதேச சபைக்கு உறுப்பினர் ஆனார். தனியே போக மாட்டேன் என்றதால் நானும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனேன். சனங்கள் இருந்து பார்க்க மண்டபத்தின் பின்னால் ஒரு நீள மர வாங்கு கிடந்தது.

முதல் கூட்டத்திலேயே பிழை நடந்துவிட்டது.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பீடத்தைப் பார்த்து இருக்கும்போது பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். மண்டபத்துக்குள் போன மச்சாள் முன்னால் கூட்டத்தை நடத்தும் தவிசாளரின் பெரிய மேசையைப் பார்த்தார். இடப்பக்க வரிசையில் முக்காடு போட்ட ஒரு பெண் இருந்தார். மச்சாள் நேரே போய் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். யோசித்துப் போனதல்ல, கால் பழக்கத்தில் போனது. பின்னால் இருந்த எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. அந்தப் பெண் பரீனா. அவரும் எங்களைப் போலப் புதியவர். மச்சாள் வந்து இருந்ததும் சற்று ஒதுங்கி இடம் விட்டார்.

இடப்பக்கம் முஸ்லிம் உறுப்பினர்களின் பக்கம் என்றும் வலப்பக்கம் எங்களவர்களின் பக்கம் என்றும் பிறகுதான் அறிந்தோம். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சங்குமுனை நீளமான கரை. ஒரு முனையில் எங்கள் கோயிலடி, மறுமுனையில் பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம்கள் இருக்கும் பள்ளியடி. தொண்ணூறில், யுத்தம் நடந்தபோது, ஆயுத இயக்கம் பள்ளியடிச் சனத்தை வெளியேற்றியது. யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது வளவுகளைப் பற்றை மூடியிருந்தது. சில வளவுகளில் எங்கள் ஆட்கள் குடியிருந்தார்கள். பல சச்சரவுகளுக்குப் பிறகு, குருவானவரையும் பள்ளிவாசல் தலைவரையும் வைத்துக்கொண்டு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. சபையில் எந்தத் தீர்மானம் வந்தாலும் இரண்டு பக்கத்திலும் ஒரு கையாவது உயர வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பதைக் கதிரையை வைத்துப் பார்ப்பார்கள்.

அந்த வாக்கு வந்தபின் ஒருவரை மிதித்து மற்றவர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வேறு ஒன்றும் செய்யப்படவும் இல்லை. சந்தைக்குக் கூரை போடக் கேட்டால் ஒரு பக்கம் கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும். இறந்தவர்களை அடக்கும் மையவாடிப் பாதைக்கு விளக்குக் கேட்டால் மறுபக்கம் அப்படி இருக்கும். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

அந்த வருடம் சபைக்குத் தண்ணீர்ப் பவுசர் லொறி ஒன்று வந்தது. நீல நிறம், புதுச் சில்லு. எங்கள் கரையில் கோடை பிறந்தால் கிணறுகள் உவர்த்துப்போகும். கோயில் தோட்டத்துக் கிணறு ஒன்றுதான் கடைசிவரை நல்ல தண்ணீர் தரும். அங்கே நிரப்பி இரண்டு முனைக்கும் ஓடலாம் என்று தீர்மானம் வந்தது. இடப்பக்கம் முஸ்லிம் உறுப்பினர் ஒருவரின் கையும் உயரவில்லை. பாலம் தாண்டிக் கட்டுக்கரைப் பக்கம் போய் அள்ளி வரலாம் என்று உப தவிசாளர் சரிபுதீன் சொன்னார். வலப்பக்கம் கை உயரவில்லை. பவுசர் சபை முற்றத்து வேம்பின் கீழ் நின்றது. ஆடுகள் அதன் நிழலில் படுத்தன.

ஆடி கழிவதற்குள் எங்கள் ஒழுங்கையில் தெரு நெடுகக் கிணறுகள் உவர்த்துவிட்டன. குடத்தோடு போகிற இடமெல்லாம் மச்சாளுக்குப் பேச்சு. பக்கத்து வளவு மார்த்தா அக்கா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"எங்கட மெம்பர் தண்ணி கேக்கப் போனவ. தண்ணி கிடைக்கேல்லை, அங்கால ஒரு கதிரை கிடைச்சுது."

மச்சாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து, கதிரையை மாற்றி இருந்தால் என்ன என்று என்னிடம் கேட்டார். மாற்றினால் பரீனா என்ன நினைப்பார் என்றும் அவரே கேட்டார். அதற்குள் இருவரும் நெருங்கிவிட்டார்கள். இடைவேளையில் பரீனா சுடுதண்ணீர்ப் போத்தலில் பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ கொண்டுவருவார். மச்சாள் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். ஏன் உங்கள் பக்கம் தண்ணீருக்குக் கை தூக்கவில்லை என்று ஒருநாள் கேட்டாராம். சொன்னால் உங்கள் ஆட்களுக்குக் குறையாகப் படும், அதுதான் எங்கள் பக்கத்து நானாமார் சொல்லாமல் இருக்கிறார்கள் என்றாராம் பரீனா. அதற்குமேல் மச்சாள் கேட்கவில்லை.

மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழா முடிந்து நாங்கள் வந்து இறங்கிய மறுநாள் தவிசாளர் அமிர்தநாயகம் வீட்டுக்கு வந்தார். முன்னர் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தவர், நல்ல மனிதர். அவர் வீட்டுக் கிணறும் உவர்த்துத்தான் இருந்தது. அண்ணன் கதிரை போட்டார். அவர் மச்சாளைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"தங்கச்சி, நீ இருந்த இடத்திலேயே இரு. தீர்மானம் திரும்ப வருது. கையை மட்டும் உயர்த்து."

"உயர்த்துவன்தானே அண்ணை. போன முறையும் உயர்த்தினனான்."

"போன முறை நான் கவனிக்கேல்லை. நீ இருக்கிறது அவையின்ர பக்கம். உன்ர கை அவையின்ர பக்கத்துக் கை. ரெண்டு பக்கமும் உயர்ந்தது எண்டு நான் எழுதிப்போடுவன். குடுத்த வாக்கும் மீறேல்லை, தண்ணியும் வந்திடும்."

அண்ணனுக்கு அது கெட்டித்தனமாகப் பட்டது. பவுசர் வந்தால் மார்த்தாவின் வாய் அடையும் என்று சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. தவிசாளர் போனபின் வெயிலில் கிடந்த கருவாட்டை அள்ளத் தொடங்கினார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

அந்தக் கிழமை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கை உயர்த்தினால் எங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர் வரும். பள்ளியடிச் சனத்துக்கு அந்த வாக்கு ஒன்றுதான் இருந்தது. அது ஒரு கதிரையால் போய்விடும். ஊருக்குத் திரும்பி வரும்போது தன் உம்மா கேட்டது ஒன்றே ஒன்று என்று பரீனா முன்னர் மச்சாளிடம் சொல்லியிருந்தார். வீடு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லையாம். இனி எங்களைக் கேட்டுச் செய்வார்களா என்றுதான் கேட்டாராம். மச்சாள் அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். உயர்த்தாமல் விட்டால் ஒழுங்கைக்கு என்ன சொல்வது என்பதையும் அதே அளவு சொன்னார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்குப் போனேன்.

கூட்ட நாள் வந்தது. பின்வாங்கில் மார்த்தா அக்காவும் வந்து இருந்தார். வெக்கை. தவிசாளர் தீர்மானத்தை வாசித்தார். வலப்பக்கம் எல்லாக் கையும் உயர்ந்தது. அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். சரிபுதீனுக்கு விஷயம் எட்டியிருக்க வேண்டும். அவர் தன் கடதாசிக் கோப்பை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போகிறவர்போல முன்னுக்குச் சரிந்து இருந்தார். பரீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாளின் வலக்கை சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது.

அப்போதுதான் அவர் எழும்பினார். கதிரையின் முதுகைப் பிடித்து இழுத்தார். பழைய பாரமான மரக்கதிரை. சீமெந்துத் தரையில் அது போட்ட சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. நடுவில் செயலாளர் யோகராசாவின் மேசை இருந்தது. அவர் கட்டுக்கரைப் பக்கத்துச் சைவ ஆள், எங்கள் இரண்டு பகுதியிலும் சேராதவர். அந்த மேசையின் ஓரத்தில் கதிரையை விட்டுவிட்டு, இருக்காமல் நின்றார் மச்சாள்.

"நான் கோயில் பழக்கத்தில இருந்திட்டன். பொம்பிளையள் பக்கமெண்டு நினைச்சு. என்ர கை அவையின்ர கையில்லை."

வலப்பக்கத்தில் யாரோ, இனி மூன்று பக்கம் என்று முணுமுணுத்தார். சிலர் சிரித்தார்கள். தவிசாளர் சிரிக்கவில்லை.

"அப்ப உன்ர கை எந்தப் பக்கம்?"

"தெரியேல்லை அண்ணை."

தீர்மானம் விழுந்தது. எனக்குப் பக்கத்தில் மார்த்தா அக்கா பெருமூச்சு விட்டது கேட்டது. மச்சாளுக்கும் கேட்டிருக்கும். அவர் பின்வாங்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சரிபுதீனைப் பார்த்தார்.

"சரிபுதீன் நானா, வேண்டாமெண்டா ஏன் வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் ஒழுங்கைக்குப் போய் ஏதாவது சொல்லோணும். எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை."

சபையில் அப்படி யாரும் கேட்டதில்லை. சரிபுதீன் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தார். எழும்பிப் போகத்தான் வந்தவர், இந்தப் பெண் கதிரையை இழுத்ததால் இருந்துவிட்டார் என்று பிறகு பரீனா சொன்னார். அவர் பேசியபோது வலப்பக்கத்தைப் பார்க்கவில்லை, மச்சாளைத்தான் பார்த்தார்.

"கிணறு கோயில் தோட்டத்துக்குள்ள, தங்கச்சி. கேற்றுத் திறப்பு உங்கட ஆக்களின்ர கையில. இண்டைக்கு நல்ல மாதிரி இருக்கிறம். நாளைக்கு எங்கயோ ஒரு பிரச்சினை வந்தா கேற்றைப் பூட்டுவினம். எங்கட பிள்ளையள் என்னத்தைக் குடிக்கும்?"

அவர்கள் வீம்புக்கு மறுக்கிறார்கள் என்றுதான் தவிசாளர் நினைத்திருந்தார். எங்கள் ஒழுங்கையும் அப்படித்தான் நினைத்தது. யோகராசா எழுதுவதை நிறுத்திவிட்டு, குழாயை வேலிக்கு வெளியே வீதி ஓரத்துக்குக் கொண்டுவரலாமே, பூட்டுச் சபையின் பூட்டாக இருக்கலாமே என்றார். அதற்கும் உடனே யாரும் சம்மதிக்கவில்லை. குருவானவரைக் கேட்க வேண்டும், பள்ளிவாசலைக் கேட்க வேண்டும். கூட்டம் கலைந்தது.

இரண்டு பக்கமும் சம்மதித்துக் குழாய் வரக் கார்த்திகை ஆகிவிட்டது. அதுவரை மார்த்தா அக்கா மச்சாளோடு பேசவில்லை. தண்ணீரைக் கைக்குள் வந்தபின் தட்டிவிட்டவர் என்றுதான் ஒழுங்கை சொன்னது. மச்சாள் விடிய முன்னமே தூரத்துக் கிணற்றுக்குப் போய் வந்துவிடுவார், வழியில் ஆட்களைச் சந்திக்காமல் இருக்க.

பழைய வாக்கும் அந்த மழைக்காலத்தில் மாறியது. கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் போதாது. வேண்டாம் என்கிறவர் எழும்பிக் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும், காரணத்துக்கு வழி தேட வேண்டும். அதற்குப் பிறகுதான் வாக்கெடுப்பு. ஓடிக்கொண்டிருக்கிற வேலை அதுவரை ஓடும். தவிசாளருக்கு அது முழுக்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றும் இழுபடும் என்றார். சரிபுதீனுக்குப் பயம் போகவில்லை. காரணம் சொல்லியும் கை எண்ணிக்கையில் தோற்றால் என்ன செய்வது என்று கேட்டார். ஒரு வருடம் பார்ப்போம் என்று விட்டார்கள். பவுசர் ஒருநாள் எங்கள் முனைக்கும் மறுநாள் பள்ளியடிக்கும் ஓடத் தொடங்கியது. பள்ளியடிக்கு ஓடும் நாட்களில் மச்சாள் வீதியில் நின்று அது திரும்பி வருவதைப் பார்ப்பார். இடையில் ஏதாவது நடந்துவிடுமோ என்றுதான். நல்ல காலம் நீடிக்கும் என்று அவர் நம்பிப் பழகியதில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசை முடிந்து முற்றத்தில் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் தொலைபேசிகளில் செய்தி வரத் தொடங்கியது. கொழும்பில், நீர்கொழும்பில், மட்டக்களப்பில் பூசை நேரத்தில் குண்டு. மச்சாள் முதலில் தன் பிள்ளைகளைத் தேடினார். பிறகு கோயில் தோட்டத்தின் கேற்றைப் பார்த்தார். பின்னேரம் ஆமி வந்து கோயிலைச் சுற்றி நின்றது. தோட்டத்துக் கேற்றைப் பூட்டினார்கள். யாரும் போக வர ஏலாது.

குழாய் வேலிக்கு வெளியில் இருந்தது.

ஊரடங்கு தளர்ந்த நாள் பள்ளியடியின் முறை. பவுசர் சாரதி யாகப்பர் எங்கள் வாசற் படலையில் வந்து நின்றார். பவுசரை நிரப்பிவிட்டாராம். ஆனால் சந்தியில் ஆட்கள் நிற்கிறார்களாம். குண்டு வைத்தது பள்ளியடியின் ஆட்கள்தான், அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று சொல்கிறார்களாம். தவிசாளர் ஊரில் இல்லை. மச்சாள் உள்ளே போனார். வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால் தண்ணீருக்கு என்று சொல்லலாம் என நினைத்தாராம். என்னையும் இழுத்துக்கொண்டு பவுசரின் முன்பக்கம் ஏறினார்.

சந்தியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். முன்னால் அருளப்பு நின்றார், அண்ணனோடு கடலுக்குப் போகிறவர். அவருடைய தங்கச்சியின் கணவர் நீர்கொழும்புக் கோயிலில் செத்துப்போனார். நான்கு நாளாகத் தலை சீவாமல், சவரம் செய்யாமல் இருந்தார். பவுசரின் முன்னால் வந்து கையை வைத்தார்.

"இறங்கு றஞ்சிதம். இது போகாது."

மச்சாள் இறங்கவில்லை. குடத்தை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வேண்டாமெண்டா சபையில வந்து ஏனெண்டு சொல்லுங்கோ. அதுவரைக்கும் ஓடும்."

"உனக்கு ஏனெண்டு தெரியாதோ?"

"தெரியும்." மச்சாள் அழுதுகொண்டிருந்தார். "அதை அங்க வந்து சொல்லுங்கோ அண்ணை. அவையும் கேக்கட்டும்."

எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அருளப்பு கையை எடுத்தார். விலகி நிற்கவில்லை, திரும்பி நடந்தார். மற்றவர்கள் அவர் போவதைப் பார்த்தார்கள். யாகப்பர் பவுசரை மெல்ல எடுத்தார்.

பள்ளியடியில் எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. யாகப்பர் ஹோன் அடித்தார். யாரும் வரவில்லை. திரும்புவோம் என்றார். மச்சாள் இறங்கி, பவுசரின் குழாயைத் திறந்து தன் குடத்தை வைத்தார். வெறுங்குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் அந்த வீதி முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கதவு மெல்லத் திறந்தது. பரீனா இரண்டு வாளியோடு வந்தார், காலில் செருப்பில்லை. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"வருவீங்களெண்டு நினைக்கேல்லை அக்கா."

"நானும் நினைக்கேல்லை."

அடுத்த சபைக் கூட்டத்துக்கு அருளப்பு வந்தார். சவரம் செய்திருந்தார். பின்வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். உறுப்பினர் அல்லாதவர் பேச விதியில்லை என்று ஒருவர் தொடங்கினார். பேசட்டும் என்றார் சரிபுதீன். அருளப்பு எழும்பி நின்று, அந்தக் காலைப் பூசைக்குத் தங்கச்சி வீட்டார் போனதையும் யார் திரும்பி வந்தார்கள் என்பதையும் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. பரீனா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். சரிபுதீன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் யோகராசா தன் வேலையைச் செய்தார்: காரணம் சொல்லப்பட்டது, விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகிறது, அதுவரை பவுசர் ஓடும்.

வீட்டுக்கு வந்த மச்சாள் அடுப்படியில் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு அடுத்த கூட்டத்துக்கு அருளப்பு வருவாரா என்று என்னைக் கேட்டார். வராவிட்டால் சந்தியில் நிற்பாரா என்றும் கேட்டார். வெளியே மேகம் கொஞ்சம் இருட்டியிருந்தது. நாங்கள் கருவாட்டை அள்ளப் போனோம்.